டெடிகேட்டட் சர்வர் எடுக்கும் முன்: வளரும் ஆன்லைன் கடைக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளி விற்பனை நேரத்தில் சைட் படுத்துவிட்டால், மறுநாளே "டெடிகேட்டட் சர்வருக்கு மாறிவிடலாம்" என்று முடிவாகிவிடும். டெடிகேட்டட் என்றால் உங்களுக்கு மட்டுமே என்று வாடகைக்கு எடுக்கும் முழு மெஷின். அந்த அவசரத்தில் இரண்டு வகையாகப் பணம் வீணாகிறது. தேவையே இல்லாத இடத்தில் பெரிய மெஷின் வாங்குவது ஒன்று. கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி, கையில் இருக்கும் வி.பி.எஸ்.ஸை (ஒரு பெரிய மெஷினைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதில் உங்கள் பங்கு) விட மெதுவான பழைய மெஷினை வாங்குவது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இந்தக் கட்டுரை வூகாமர்ஸ், மஜெண்டோ, லாரவெல் போன்ற பிஹெச்பி–மைஎஸ்க்யூஎல் அமைப்பில் ஓடும் ஆன்லைன் கடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்தியாவில் இருக்கிறார்கள், பண்டிகைக் காலத்தில் கூட்டம் பல மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இருக்கிற சர்வரை அளந்து பாருங்கள்

ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது ஒரே சர்வரைப் பல சைட்கள் பகிர்ந்துகொள்ளும் ப்ளானில், இருப்பவர்களுக்குக் கூட்ட நேரத்தில் 508 பிழை வரும். அந்தச் சர்வரில் ஓடும் கிளவுட்லினக்ஸ் மென்பொருள் உங்கள் கணக்குக்கு வைத்திருக்கும் வரம்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக நேராக டெடிகேட்டடுக்குத் தாவ வேண்டியதில்லை. 4 கோர், 8 ஜிபி வி.பி.எஸ். ஒன்றை எடுத்து ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான கடைகளுக்கு அதுவே போதும்.

ஏற்கெனவே வி.பி.எஸ்.ஸில் இருக்கிறீர்கள் என்றால், சர்வரின் பயன்பாட்டைப் பதிவு செய்யும் 'சிஸ்ஸ்டாட்' தொகுப்பை நிறுவி இரண்டு வாரம் ஓட விடுங்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு ஆஃபர் நாளாவது வர வேண்டும். பிறகு 'சார்' கட்டளையில் கூட்ட நேரத்து எண்களைப் பாருங்கள். உடனடி நிலவரம் வேண்டுமானால் 'டாப்' திரையின் மேற்பகுதியில் உள்ள சிபியு வரியே போதும். அங்கே மூன்று எண்கள் முக்கியம்.

'யூஎஸ்' என்பது உங்கள் நிரல் தின்னும் சிபியு. 'டபிள்யூஏ' என்பது டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம். 'எஸ்டி' என்பது, நீங்கள் கேட்டும் கிடைக்காமல், அதே பௌதிக மெஷினில் இருக்கும் மற்ற வி.பி.எஸ்.களுக்குப் போய்விட்ட நேரம். எஸ்டி கூட்ட நேரத்தில் தொடர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டினால் டெடிகேட்டடுக்குப் போக நியாயமான காரணம் இருக்கிறது. டபிள்யூஏ ஏறினால் டிஸ்க் பிரச்சினை, அல்லது ரேம் போதாமல் டிஸ்க்கையே ரேமாகப் பயன்படுத்துகிறது (ஸ்வாப்). யூஎஸ் மட்டும் உச்சத்தில் நின்றால், புது மெஷினைத் தேடும் முன் உங்கள் நிரலைப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்-இன் ஸ்லோ க்வெரி லாக் (மெதுவான டேட்டாபேஸ் கேள்விகளின் பதிவு) இயல்பாக 10 விநாடிக்கு மேல் எடுக்கும் க்வெரிகளைத்தான் குறிக்கும். அதை 1 விநாடிக்குக் குறைத்து ஒரு நாள் ஓட விடுங்கள். வூகாமர்ஸ் கடைகளில் வழக்கமாக மாட்டுவது மூன்று: தயாரிப்புத் தேடல், விலை–அளவு–நிற ஃபில்டர், ஆப்ஷன்ஸ் டேபிளில் குவிந்துகிடக்கும் ஆட்டோலோடு வரிகள் (ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாக ஏற்றப்படும் அமைப்புகள்). ஒரு இண்டெக்ஸ் போட்டு, டேட்டாபேஸ் விடைகளை ரேமில் வைத்துக்கொள்ளும் ரெடிஸ் ஆப்ஜெக்ட் கேஷைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு மாத வாடகையை மூன்று மடங்காக்கிக்கொள்ள வேண்டாம்.

ஆக்சஸ் லாக்கையும் ஒரு முறை அலசுங்கள். லாகின் பக்கத்தைத் தட்டும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்), ஃபில்டர் லிங்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போகும் கிராலர்கள் என்று வாங்குகிறவர் அல்லாத கூட்டம் பெரிய பங்காக இருப்பது சாதாரணம். ஃபில்டர் லிங்க்குகள் ஒவ்வொன்றும் தனி முகவரி என்பதால் கேஷில் சிக்காது. ஒவ்வொரு தட்டலும் டேட்டாபேஸ் வரை போகும். அதை வழியிலேயே தடுத்தால், சில கடைகளில் பாதி லோடு அன்றே குறையும்.

கணக்கு: வாட்ஸ்அப் ஆஃபர் அனுப்பிய முதல் பத்து நிமிடம்

சர்வரின் அளவை மாதப் பார்வைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்டிலேயே மோசமான பத்து நிமிடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்கள் எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

50,000 பேருக்கு ஆஃபர் செய்தி போகிறது. அதில் 6 சதவீதம், அதாவது 3,000 பேர், முதல் பத்து நிமிடத்தில் உள்ளே வருகிறார்கள். ஆளுக்கு 4 பக்கம் என்றால் 12,000 பக்கம். 600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 20 பக்கம்.

இதில் 70 சதவீதம் பேஜ் கேஷிலிருந்து, அதாவது முன்பே தயாரித்துவைத்த பிரதியிலிருந்து, போய்விடும். அதற்கு சிபியு செலவு சொற்பம். கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களைக் கேஷ் செய்ய முடியாது. ஆக விநாடிக்கு 6 பக்கம் பிஹெச்பி வரை வருகிறது. பக்கத்துக்கு 0.4 விநாடி சிபியு என்றால் 2.4 கோர். பாதிப் பக்கங்களில் கார்ட் எண்ணிக்கையைப் புதுப்பிக்கும் ஏஜாக்ஸ் அழைப்பு ஒன்றும் வருகிறது: விநாடிக்கு 10, தலா 0.15 விநாடி, ஆக 1.5 கோர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 4. டேட்டாபேஸுக்கு இன்னும் 2 கோர் சேர்த்தால் 6. எட்டு வேகமான கோர் உள்ள மெஷின் இதைத் தாங்கும். ஆனால் மூச்சுவிட இடம் குறைவு. கேஷ் விகிதம் 70-லிருந்து 50-க்கு இறங்கினால் அந்த இடமும் காலி. அதனால் செலவு செய்யும் முன் கேஷ் விகிதத்தை ஏற்றப் பாருங்கள்.

ரேம் கணக்கு இதைவிட எளிது. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பிஹெச்பி வொர்க்கர் வூகாமர்ஸில் 80 எம்பி அளவில் பிடிக்கும். 60 வொர்க்கருக்கு 4.8 ஜிபி. டேட்டாபேஸ் 9 ஜிபி இருந்தால் இன்னோடிபி பஃபர் பூலுக்கு (மைஎஸ்க்யூஎல் தரவை வைத்துக்கொள்ளும் ரேம் பகுதி) 12 ஜிபி. ரெடிஸுக்கு 2 ஜிபி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஃபைல் கேஷுக்கும் 4 முதல் 6 ஜிபி. எல்லாம் சேர்த்தால் 25 ஜிபியைத் தொடும். 32 ஜிபி போதும். விலை வித்தியாசம் சிறிது என்றால் 64 எடுங்கள். பஃபர் பூலுக்கு ரேமில் 70 சதவீதம் கொடுக்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது டேட்டாபேஸ் மட்டும் தனியாக ஓடும் மெஷினுக்கு. வெப் சர்வரும் அதே மெஷினில் இருக்கும்போது அப்படிக் கொடுத்தால், கூட்ட நேரத்தில் கெர்னல் ரேம் போதாமல் ஏதாவது ஒரு ப்ராசஸைக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்லாகவே இருக்கும், ஏனென்றால் அதிகம் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

எந்த மெஷின் வாங்கினாலும் தீராத ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செக்அவுட்டில் பிஹெச்பி, பேமெண்ட் கேட்வேயிடமோ கூரியர் ஏபிஐயிடமோ பதில் கேட்டுக் காத்திருக்கும். எதிர்ப்பக்கம் திணறி 30 விநாடி இழுக்கிறது, விநாடிக்கு 2 செக்அவுட் வருகிறது என்றால், அரை நிமிடத்தில் 60 வொர்க்கரும் மாட்டிக்கொள்ளும். சிபியு சும்மா இருக்கும்; சைட் மட்டும் 504 (பதில் வரத் தாமதம்) பிழை காட்டும். வெளி அழைப்புகளுக்கு 5 முதல் 8 விநாடி டைம்அவுட் வைப்பதும், செக்அவுட்டுக்கு வொர்க்கர்களை நடத்தும் பிஹெச்பி-எஃப்பிஎம்மில் தனிப் பூல் கொடுப்பதும்தான் மருந்து. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இதைச் சொன்னால் "பெரிய ப்ளானுக்கு மாறுங்கள்" என்று சொல்ல வாய்ப்புண்டு.

ப்ராசசர்: மாடல் எண் இல்லாமல் பேச வேண்டாம்

"இன்டெல் ஜியான், 32 கோர், 64 ஜிபி" என்று மட்டும் போட்டிருக்கும் விலைப்பட்டியலில் எதையும் முடிவு செய்ய முடியாது. ஜியான் என்பது இருபது வருடத்துக்கும் மேலாக ஓடும் பெயர். மாடல் எண்ணைக் கேளுங்கள்.

ஏன் என்று ஒரு ஒப்பீட்டில் பார்க்கலாம். 2016-இல் வந்த ஜியான் இ5-2620 வி4 இரண்டு பொருத்திய மெஷினில் 16 கோர், 32 த்ரெட் (ஒவ்வொரு கோரும் இரண்டு போலத் தோன்றுவது). விளம்பரத்தில் அது "32 கோர்" ஆகிவிடும். அதன் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.0. 2021-இல் வந்த ஜியான் இ-2388ஜி-யில் 8 கோர்தான், ஆனால் அடிப்படை வேகம் 3.2, டர்போவில் 5.1. ஒரு பிஹெச்பி கோரிக்கை ஒரே கோரில்தான் ஓடும். பக்கம் திறக்க 0.4 விநாடியா 0.8 விநாடியா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒற்றைக் கோரின் வேகம். மற்ற 31 அதற்கு உதவாது. மேலே போட்ட கணக்கில் 0.4-ஐ 0.8 ஆக்கிப் பாருங்கள், பக்கங்களுக்குத் தேவைப்படும் கோர் எண்ணிக்கையும் இரட்டிப்பாகும். வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரமும் கூடும்.

கோர் நிறைய வேண்டிய வேலைகளும் உண்டு: வீடியோ மாற்றுவது, பெரிய ரிப்போர்ட், ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது. கடை சைட்டுக்கு 8 வேகமான கோர், பழைய 16-ஐ விட நல்லது. ஏஎம்டி ரைசன் பொருத்திய சர்வர்களும் இந்த வேலைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ரேம் இசிசி (பிட் பிழையைத் தானே திருத்தும்) வகைதானா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இசிசி இல்லாத ரேமில் ஒரு பிட் புரண்டால், பிழை எதுவும் காட்டாமல் டேட்டாபேஸில் தப்பான எண் எழுதப்படலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பேக்கப்பிலும் அது ஏறியிருக்கும்.

டிஸ்க்: அதிகம் ஏமாறும் இடம்

சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும்; என்விஎம்இ டிரைவ்கள் 3,000 எம்பிக்கு மேல் சாதாரணமாகப் போகும். கடை சைட்டுக்கு இந்த எண் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு ஆர்டர் வந்தால் மைஎஸ்க்யூஎல் அதை டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிட்டேன் என்று டிரைவிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்ததுக்குப் போகும். இந்த ஒப்புதலை, அதாவது எஃப்சிங்க்கை, விநாடிக்கு எத்தனை முறை கொடுக்க முடியும் என்பதுதான் பார்க்க வேண்டிய எண்.

மின்சாரம் போனால் கையில் இருக்கும் தரவை எழுதி முடிக்க கெபாசிட்டர் வைத்த டேட்டா சென்டர் வகை டிரைவ்கள், ரேமில் வாங்கியவுடனே தைரியமாக ஒப்புதல் சொல்லும்; விநாடிக்குப் பல ஆயிரம் தடவை. லேப்டாப்பில் போடும் சாதாரண என்விஎம்இ-க்கு அந்த வசதி இல்லை. ஃப்ளாஷில் எழுதி முடித்த பிறகே சொல்லும். பல மாடல்களில் சில நூறு தடவையோடு நின்றுவிடும். பெட்டியில் இரண்டுமே "1 டிபி என்விஎம்இ"தான். டிரைவின் மாடல் எண்ணைக் கேட்டு, தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் மின்தடைப் பாதுகாப்பு என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதலாம் என்பதற்கான டிடபிள்யூபிடி எண்ணும் அங்கேயே இருக்கும். கடைக்கு 1 போதும்.

ரெய்டு 1-இல் (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் முறை) இரண்டு டிரைவ் கட்டாயம். ஒன்று போனாலும் மற்றதில் ஓடும். நான்கு டிரைவ் இருந்தால் ரெய்டு 10. ரெய்டு 5 டேட்டாபேஸுக்கு வேண்டாம். ஒவ்வொரு சிறிய எழுத்துக்கும் பழைய தரவையும் பாரிட்டியையும் (இழந்த தரவை மீட்க உதவும் கணக்கு) படித்துத் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் மந்தமாகும். மென்பொருள் ரெய்டே போதுமானது. ஆனால் டிரைவ் செத்தால் யாருக்குச் செய்தி போகும் என்று முதல் நாளே அமைத்துவிடுங்கள். ஒரு டிரைவ் மாதக்கணக்கில் செத்துக் கிடந்து, யாரும் கவனிக்காமல் இரண்டாவதும் போகும் நாளில்தான் பலருக்கு ரெய்டு நினைவே வருகிறது.

இடமும் நெட்வொர்க்கும்

ஐரோப்பாவில் டெடிகேட்டட் சர்வர் வாடகை இந்தியாவை விட வெகு மலிவு. காரணம் அங்கே பேண்ட்வித் விலை குறைவு. ஆனால் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 150 மில்லிவிநாடி, மும்பைக்கு 25 அளவில். முதல் பக்கம் வருவதற்குள் டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்க ஒரு சுற்று. மூன்று சுற்றுக்கு மும்பையில் 75 மில்லிவிநாடி, ஜெர்மனியில் 450. படங்களை சிடிஎன் (வாடிக்கையாளருக்கு அருகிலிருந்து ஃபைல்களைத் தரும் சேவை) மூலம் கொடுத்தாலும், கேஷ் ஆகாத கார்ட்டும் செக்அவுட்டும் மூல சர்வருக்குத்தான் போக வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் இழுப்பது கடைக்காரருக்கு நேரடி நஷ்டம்.

வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் என்றால் மும்பையா சென்னையா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. அம்பத்தூர், சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. விலையும் ஸ்டாக்கும் பார்த்து முடிவு செய்யலாம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு அதிகம் விற்கிறீர்கள் என்றால் சென்னை கொஞ்சம் சாதகம், ஏனென்றால் கடலடிக் கேபிள் இங்கிருந்து நேராகச் சிங்கப்பூர் போகிறது. எதுவானாலும் நிறுவனத்திடம் டெஸ்ட் ஐபி ஒன்றை வாங்கி, ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலிருந்தும் இரவு 8 முதல் 10 மணிக்குள் வழியில் ஆகும் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் 'எம்டிஆர்' போட்டுப் பாருங்கள். காலை 11 மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் நன்றாகவே இருக்கும்.

பேண்ட்வித்தை இரண்டு விதமாகக் கணக்குப் போட வேண்டும். நாளுக்கு 60,000 பக்கம், பக்கம் 2.5 எம்பி என்றால் மாதம் 4.5 டிபி. 100 எம்பிபிஎஸ் போர்ட் மாதம் முழுக்க ஓடினால் 32 டிபி வரை தள்ளும் என்பதால் தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் விநாடிக்கு 20 பக்கம், அதாவது 50 எம்பி, அதாவது 400 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் போர்ட் அங்கேயே அடைத்துக்கொள்ளும். ஒன்று 1 ஜிபிபிஎஸ் போர்ட் வேண்டும், இல்லையென்றால் படங்கள் சிடிஎன்னுக்குப் போக வேண்டும். இரண்டும் இருந்தால் நல்லது.

"அன்மீட்டர்டு" என்று போட்டிருந்தால், அந்தப் போர்ட் உங்களுக்கு மட்டுமா, ரேக்கில் உள்ள எல்லோருக்கும் பொதுவா என்று கேளுங்கள். 95-ஆம் பெர்சன்டைல் முறையில் பில் வந்தால் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அதிகமான 5 சதவீத அளவுகளைக் கழித்துவிடுவார்கள். 30 நாளில் அது 36 மணி நேரம். கடைக்கு வரும் திடீர்க் கூட்டம் அநேகமாக அதற்குள் அடங்கிவிடும்.

டிடாஸ் தாக்குதல் (பொய்க் கோரிக்கைகளைக் குவித்து சைட்டை முடக்குவது) வந்தால் என்ன செய்வார்கள் என்பதும் இங்கேயே கேட்க வேண்டியது. பல நிறுவனங்கள் உங்கள் ஐபியை நல்ரூட் செய்துவிடும், அதாவது அதற்கு வரும் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடும்; அவர்களுடைய நெட்வொர்க் தப்பிக்கும், உங்கள் கடை மூடிக்கிடக்கும். எவ்வளவு ஜிபிபிஎஸ் வரை வடிகட்டுவார்கள், நல்ரூட் போட்டால் எத்தனை மணி நேரம் என்று பதில் வாங்குங்கள்.

இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது?

மேனேஜ்டு (நிறுவனமே பராமரிப்பது) என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு அர்த்தம். சிலருக்கு அது ஹார்டுவேரும் நெட்வொர்க்கும் மட்டும். சிலர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்டேட் வரை செய்வார்கள். மைஎஸ்க்யூஎல் நின்றுவிட்டால் எழுப்பிவிடுவது வெகு சிலர்தான். ஆகவே இந்தக் கேள்விகளை சேல்ஸ் ஆளிடம் போனில் கேட்காமல், டிக்கெட்டாகப் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

- மைஎஸ்க்யூஎல் இரவில் நின்றால் நீங்களாகவே கவனித்து எழுப்புவீர்களா, நாங்கள் டிக்கெட் போட வேண்டுமா?
- டிரைவ் அல்லது ரேம் போனால் எத்தனை மணி நேரத்தில் மாற்றுவீர்கள்? உதிரிப் பாகம் அதே கட்டடத்தில் இருக்கிறதா?
- ஐபிஎம்ஐ, ஐட்ராக் அல்லது ஐஎல்ஓ அணுகல் (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் வழி) எப்போதும் கிடைக்குமா, கேட்டால் மட்டுமா?
- சிபேனல் போன்ற கண்ட்ரோல் பேனல் லைசென்ஸ் விலையில் அடக்கமா? அது ஏறினால் யார் தலையில்?
- செட்அப் கட்டணம், ஒப்பந்தக் காலம், ரத்து செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு?

மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஃபயர்வால் விதியைத் தப்பாகப் போட்டு உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொள்ளும் நாள் எல்லோருக்கும் வரும். அன்று உள்ளே போக ஐபிஎம்ஐ கன்சோல் ஒன்றுதான் வழி. அதே சமயம் அந்தக் கன்சோல் திறந்த இணையத்தில் இருக்கக் கூடாது. விபிஎன் வழியாகவோ, குறிப்பிட்ட ஐபிக்கு மட்டுமோ திறக்க வேண்டும்.

எஸ்எல்ஏ-வில் (சேவை உத்தரவாத ஒப்பந்தம்) 99.9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 43 நிமிடம் டவுன் ஆனாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை என்று பொருள். அதையும் தாண்டினால் கிடைப்பது அந்த மாத வாடகையில் ஒரு பங்கு கிரெடிட். போன விற்பனைக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். அதனால் எஸ்எல்ஏ எண்ணை விட, ஆதரவுக் குழுவின் வேகத்தைச் சோதிப்பது பயன் தரும். வாங்கும் முன் ஒரு ஞாயிறு இரவு தொழில்நுட்பக் கேள்வி ஒன்றை டிக்கெட்டாகப் போட்டுப் பாருங்கள். பதில் எப்போது வருகிறது, படித்துவிட்டுப் பதில் சொல்கிறார்களா, ஒட்டிவைத்த வாசகமா என்பது தெரிந்துவிடும்.

பேக்கப் வேறு கட்டடத்தில், வேறு நிறுவனத்தில்

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகத்தில் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 கட்டடம் முழுக்க எரிந்துபோனது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களில் ஒன்றிலேயே இது நடந்தது.

ஹோஸ்டிங் நிறுவனம் தரும் பேக்கப் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் மென்பொருளை வைத்து, வேறு நகரத்தில், வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜில் இன்னொரு பிரதி தினமும் போகட்டும். டேட்டாபேஸ் டம்ப் மட்டும் மணிக்கு ஒருமுறை. அந்த ஸ்டோரேஜின் பழைய பிரதிகளை அழிக்கும் உரிமை சர்வரில் இருக்கும் சாவிக்கு இருக்கக் கூடாது. சர்வருக்குள் புகுந்தவன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன வி.பி.எஸ். எடுத்து அதில் ரீஸ்டோர் செய்து கடையைத் திறந்து பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள்.

சட்டமும் பில்லும், சுருக்கமாக

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பட்டியலிட்ட பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உபுண்டுவில் இன்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாளில் அழிந்துவிடும். பழைய லாக்குகளை அழிக்கும் லாக்ரொட்டேட் அமைப்பை மாற்ற மறந்துவிடாதீர்கள். டிஸ்க் அளவில் இந்த லாக்குகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். கார்டு எண்ணை உங்கள் சர்வரில் சேமிக்கவே கூடாது. 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி வணிகர்களுக்கு அந்த அனுமதி இல்லை. விலைப்பட்டியலில் 18 சதவீத ஜிஎஸ்டி பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் ரிவர்ஸ் சார்ஜ் (வரியை வாங்குபவரே கட்டுவது) விஷயத்தை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மெஷின் கைக்கு வந்த முதல் நாள்

சைட்டை ஏற்றும் முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் கால அவகாசம் முடிவதற்குள், கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

'எல்எஸ்சிபியு' போட்டு ப்ராசசர் மாடல் சொன்னதுதானா என்று பாருங்கள். 'ஸ்மார்ட்சிடிஎல்' போட்டு ஒவ்வொரு டிரைவிலும் மூன்று வரிகளைக் கவனியுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, தேய்மானச் சதவீதம் எவ்வளவு, தரவுப் பிழை உண்டா. வாடகை சர்வரில் டிரைவ் பழையதாக இருப்பது சகஜம், அதில் தப்பில்லை. தேய்மானம் 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, தரவுப் பிழை பூஜ்யம் இல்லாவிட்டாலோ மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் நாளில் கேட்டால் மறுபேச்சில்லாமல் மாற்றுவார்கள். இரண்டு டிரைவும் ஒரே அளவு ஓடியிருந்தால் ஒன்றை மாற்றக் கேட்பது புத்திசாலித்தனம். ஒன்றாகத் தேய்ந்தவை ஏறக்குறைய ஒன்றாகவே போகும்.

டிஸ்க் வேகத்தைச் சோதிக்கும் 'எஃப்ஐஓ'வில் எஃப்சிங்க்குடன் 4 கேபி ரேண்டம் ரைட் சோதனை ஓட்டுங்கள். சில நூறுதான் வருகிறது என்றால் உங்களுக்குக் கிடைத்தது சாதாரண டிரைவ். 'ஐபெர்ஃப்3' போட்டுப் போர்ட் வேகத்தைப் பாருங்கள். கொடுத்த ஐபி ஸ்பாம்ஹாஸ் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். முன்பு வைத்திருந்தவர் குப்பை மெயில் அனுப்பியிருந்தால் உங்கள் ஆர்டர் மெயில்கள் ஸ்பாமுக்குப் போகும். உண்மையில் மெயிலை இந்தச் சர்வரிலேயே ஓட்டாமல், தனி மெயில் சேவையில் விடுவதுதான் நிம்மதி.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டால் சென்ட்ஓஎஸ் 7 வேண்டாம். அதன் ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அல்மாலினக்ஸ் 9 அல்லது உபுண்டு 24.04 போடச் சொல்லுங்கள். எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும், ரூட் பாஸ்வேர்டு லாகின் மூடல், மைஎஸ்க்யூஎல்லும் ரெடிஸும் லோக்கல்ஹோஸ்டில் (அதே மெஷினுக்குள்) மட்டும். இது மூன்றும் சைட் ஏறுவதற்கு முன்பே.

மாற்றும் நாள்

பண்டிகை சீசனுக்கு ஆறு வாரம் முன்பே மாற்றத்தை முடித்துவிடுங்கள். செவ்வாய், புதன் இரவுகள் நல்லவை. வெள்ளி இரவில் தொட வேண்டாம்.

இரண்டு நாள் முன்பு டிஎன்எஸ் டிடிஎல்லை (உங்கள் சைட்டின் ஐபியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். ஆர்சிங்க் வைத்து ஃபைல்களை முதலில் ஒரு முறை நகர்த்திவிட்டால் கடைசி இரவில் மாறியவை மட்டும் போகும். டேட்டாபேஸின் சோதனைப் பிரதியைப் போட்டு, உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புது ஐபியைக் கொடுத்து, தயாரிப்புப் பக்கம் முதல் நிஜமான ஒரு ரூபாய் பேமெண்ட் வரை செய்து பாருங்கள்.

வெளியில் உங்கள் ஐபியைப் பதிந்துவைத்திருக்கும் இடங்களைப் பட்டியல் போடுங்கள்: எஸ்எம்எஸ் கேட்வே, பேமெண்ட் கேட்வே, கூரியர், இ-இன்வாய்ஸ், டேலி இணைப்பு. புது ஐபியை அனுமதிக்க இரண்டு மூன்று வேலை நாள் எடுப்பவர்கள் உண்டு. மாற்றிய மறுநாள் "ஓடிபி வரவில்லை" என்று போன் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசி இரவில் வரிசை இப்படி இருக்கட்டும்: பழைய சர்வரில் கிரானை (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள்) நிறுத்துங்கள், கடையை மெயின்டனன்ஸில் போடுங்கள், கடைசி டேட்டாபேஸ் டம்ப்பை எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள், ஃபைல்களை மீண்டும் ஆர்சிங்க் செய்யுங்கள், டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள், பிறகு புது சர்வரில் கிரானை இயக்குங்கள். இரண்டு சர்வரிலும் கிரான் ஓடினால் வாடிக்கையாளருக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு மெயில் போகும். சப்ஸ்கிரிப்ஷன் வைத்திருந்தால் பணமே இரண்டு முறை எடுக்கப்படலாம். மெயின்டனன்ஸ் போட மறந்தால், டிஎன்எஸ் பரவும் வரை பழைய டேட்டாபேஸில் சில ஆர்டர்கள் விழுந்து அநாதையாகக் கிடக்கும்.

பழைய சர்வரை உடனே விட்டுவிடாமல் 15 நாள் வைத்திருங்கள். அதன் வெப் லாக்கில் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தால், பழைய ஐபியை நேராக எழுதிவைத்த மொபைல் ஆப், கூட்டாளி சைட் ஏதாவது மாட்டும். ரத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு கேட்கும் ஒப்பந்தம் என்றால் மாற்றம் முடிந்த வாரமே ரத்துக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பில் தானாக வந்து நிற்கும். ஒப்படைக்கும் முன் டேட்டாபேஸையும் பேக்கப் சாவிகளையும் அழித்து, டிரைவ்களை முழுதாகத் துடைத்துவிடுங்கள்.